பழைய ஃபார்முலா மாருதி: கொட்டகையிலிருந்து ட்ராக்குக்குக் கொண்டுவர எதில் தொடங்குவது?

சூலூர்வாசி:

வணக்கம். 90-களில் ஓடிய ஒரு ஃபார்முலா மாருதி (மாருதி 800 என்ஜின் வைத்த ஒற்றை இருக்கை ரேஸ் கார்) கைக்கு வந்திருக்கிறது. பல வருஷம் தகரக் கொட்டகையில் நின்ற வண்டி. பைப் சேசிஸ், ஃபைபர் பாடி. ஓட்டுபவருக்குப் பின்னால் 796 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, நாலு கியர் பெட்டியும் அதோடு சேர்ந்தது. முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம்.

இப்போதைய நிலைமை இது. சேசிஸில் யாரோ பவுடர் கோட்டிங் அடித்திருக்கிறார்கள், பார்க்கப் பளபளப்பாக இருக்கிறது. என்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. அலுமினிய டேங்க், உள்ளே மஞ்சள் பஞ்சு. சஸ்பென்ஷன் ராட் எண்டு (உருண்டை மூட்டு) சிலவற்றில் ஆட்டம். பிரேக் பெடல் அடிவரைக்கும் போகிறது. சீட் பெல்ட் பழசு, ஆனால் நைந்து போகவில்லை.

கண்காட்சிக்கு வைக்க எண்ணமில்லை. முதலில் செட்டிபாளையம் கரி ட்ராக்கில், பிறகு இருங்காட்டுக்கோட்டையில் கிளப் அளவில் ஓட்ட வேண்டும். கையிலிருக்கும் பணத்தில் பாதியை என்ஜினுக்கு ஒதுக்கலாம் என்று யோசனை. ஹெட்டை ஃபேஸிங் போட்டு (அடிப்பரப்பைச் சீவி) கம்ப்ரஷன் ஏற்றினால் நல்ல இழுவை வரும் என்று ஒருவர் சொல்கிறார். சரிதானா? பெல்ட்டையும் டேங்கையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பைப்_பட்டறை:

தம்பி, என்ஜின் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அதற்கு முன்னால், இந்த வண்டியை எந்த வகுப்பில் ஓட விடுவார்கள் என்று கிளப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்க. ஃபார்முலா மாருதிக்குத் தனி வகுப்பு இருந்த காலம் போய்விட்டது. ரோல் பார், டேங்க், பெல்ட் இதற்கெல்லாம் அவர்கள் எந்த விதியைப் பிடிக்கிறார்கள் என்று தெரியாமல் பைப்பை வெட்டினால் இரண்டு தடவை வெட்ட வேண்டி வரும்.

அடுத்து அந்தப் பவுடர் கோட்டிங். எனக்கு அதுதான் பயம். கெட்டியான பிளாஸ்டிக் தோல் அது. அடியில் வெல்டு ஓரம் விரிந்தாலும் மேலே கோடு தெரியாது. பெயிண்ட் அடித்த சேசிஸில் விரிசல் விட்டால் பெயிண்டும் சேர்ந்து வெடித்துத் துருக்கோடு காட்டிக்கொடுக்கும். ஆகவே எல்லாவற்றையும் கழற்றி, சேசிஸை வெறும் இரும்பாக்குங்க. மணல் பிளாஸ்டிங் போடுகிறவரிடம் மெல்லிசான மணல், குறைந்த பிரஷர் என்று சொல்லிவையுங்க. இது 1.6 மி.மீ. பைப், லாரி சேசிஸ் இல்லை. வெல்டு ஓரங்களைக் கெமிக்கல் ரிமூவர் போட்டு எடுப்பது இன்னும் நல்லது. முரட்டு மணல் அடித்தால் மெல்லிய விரிசலின் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும், அப்புறம் டி.பி. டெஸ்ட்டில் (விரிசலுக்குள் சாயம் ஊறவைத்துப் பார்க்கும் டை பெனட்ரன்ட் சோதனை) சிக்காது.

டி.பி. டெஸ்ட் நீங்களே செய்யலாம், மூன்று ஸ்பிரே கேன்தான். கிளீனர் போட்டு எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, சிவப்பு திரவம் அடித்து 15-20 நிமிஷம் விடுங்க. பிறகு துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்கணும். வெல்டின் மேல் நேரடியாகக் கிளீனரைப் பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சிவப்பும் கழுவிக்கொண்டு வந்துவிடும், பலர் செய்கிற தப்பு இதுதான். அதன் மேல் வெள்ளை டெவலப்பர், 10 நிமிஷம். சிவப்புக் கோடு ஊறி வந்தால் விரிசல். பார்க்க வேண்டிய இடங்கள்: விஷ்போன் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கவை வடிவக் கை) பிடிக்கும் எல்லா பிராக்கெட்டும், என்ஜின் மவுண்ட், ஸ்டியரிங் ராக் பிடி, ரோல் பார் அடிப்பகுதி, சீட் பெல்ட் மாட்டும் இடங்கள். வெல்டின் நடுவில் தேடாதீர்கள், வெல்டு முடிந்து பைப் தொடங்குகிற ஓரத்தில்தான் விரிசல் கிளம்பும்.

உள்துரு வேறு சங்கதி. கீழ்ப் பைப்புகளில் தண்ணீர் தேங்கியிருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் மெலிந்த இடத்தில் சத்தம் மங்கும். உறுதிக்கு அல்ட்ராசோனிக் தடிமன் கேஜ் வைத்துப் பாருங்க, பாய்லர் வேலை பார்க்கும் ஃபேப்ரிகேட்டர்களிடம் இருக்கும். 1.6 பைப் 1.2-க்குக் கீழே போயிருந்தால் அந்தத் துண்டை மாற்றணும். மேலே பட்டி வைத்து வெல்டு அடிப்பதெல்லாம் கேட் வேலைக்குச் சரி, இதற்கு ஆகாது.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பைப்தான். சேசிஸைக் கனமான சமதள மேஜையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, குறுக்களவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு வெட்டுங்க. இரண்டு பக்கக் குறுக்களவும் 2 மி.மீட்டருக்குள் ஒத்துப் போகணும். டிக் வெல்டிங், முதலில் எல்லா மூட்டிலும் டேக் (சின்னப் பொட்டு வெல்டு), பிறகு எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே மூச்சில் ஒரு மூட்டை முடித்தால் சேசிஸ் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

கடைசியில் பெயிண்ட் அடியுங்க, வெளிர் சாம்பல் நிறம். மறுபடி பவுடர் கோட்டிங் வேண்டவே வேண்டாம்.

மூணு_சிலிண்டர்:

என்ஜினுக்குப் பாதிப் பணம் கட்டாயம் வேண்டாங்க. கோவை ரேஸ் வீரர் கரிவர்தன் இந்த வண்டியை வடிவமைத்தபோது மாருதி 800-இன் என்ஜினை எடுத்துக்கொண்டதே, எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும், மலிவாக ரேஸ் கற்றுக்கொள்ளலாம் என்பதற்குத்தான். நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டியதும் இந்த வகை வண்டியில்தான். 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் பிஸ்டன், ரிங், பெரிங், கேஸ்கெட் எல்லாம் இன்னும் கடையில் கிடைக்கிறது. அந்த வசதியைக் கெடுத்துக்கொள்ளாதீங்க.

கம்ப்ரஷன் விஷயத்தைக் கணக்காகவே பார்ப்போம். போர் (சிலிண்டர் விட்டம்) 68.5, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 72 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 265.3 சி.சி. கம்ப்ரஷன் 8.7 என்றால் பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் 34.5 சி.சி. அதை 9.5 ஆக்க 31.2-க்கு இறக்கணும், அதாவது 3.3 சி.சி. குறைக்கணும். போர் பரப்பு முழுவதுக்கும் கணக்குப் போட்டாலே 0.9 மி.மீ. ஆகிறது. சேம்பரின் வாய் போரைவிடச் சின்னது, எனவே ஹெட்டில் 1 மி.மீட்டருக்கு மேலேயே சீவ வேண்டியிருக்கும். அவ்வளவு சீவினால் ஹெட் மெலியும், கேஸ்கெட் ஊதும். ஹெட் கீழே இறங்குவதால் டைமிங் பெல்ட் ஓடும் தூரம் மாறி கேம் டைமிங்கும் (வால்வு திறந்து மூடும் நேரம்) பின்தங்கும். இவ்வளவுக்கும் கிடைக்கப் போவது? ஏட்டுக் கணக்குப்படி இரண்டரை சதவீதம். நாற்பதைத் தொடாத குதிரைத்திறனில் அது ஒன்றே ஒன்று. 450 கிலோ வண்டியில் 10 கிலோ குறைத்தாலே அதே பலன் கிடைக்கும், கேஸ்கெட்டும் ஊதாது.

ஹெட்டில் நேர் பட்டை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. 0.05 மி.மீ. நுழைந்தால் சமமாகும் அளவுக்கு மட்டும் ஃபேஸிங். அவ்வளவுதான்.

ஸ்டார்ட் செய்யும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்க. பிளக் மூன்றையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் ஸ்பேனரால் நாலைந்து சுற்று. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றிய பிறகுதான் செல்ஃப் அடிக்கணும். நின்ற வண்டியில் பெல்ட் ரப்பர் கெட்டித்துப் பல்லோடு கழன்று வரும்.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். மூன்று பிளக்கும் வெளியே, ஆக்ஸிலரேட்டர் முழுசாகத் திறந்து, பேட்டரி நல்ல சார்ஜில். மூன்று சிலிண்டருக்கும் வித்தியாசம் 1 கிலோ பிரஷருக்குள் இருந்தால் நல்லது. அதைவிட லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றடித்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) தெளிவாகச் சொல்லும். 10 சதவீதத்துக்குள் என்றால் அடிப்பாகத்தைத் தொடவே வேண்டாம். 20-ஐத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று காதை வைத்துக் கேளுங்க. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

பிரிக்கும்படி ஆனால், போரை மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் டயல் கேஜால் அளந்து 0.05-க்கு மேல் தேய்மானம் இருந்தால் மட்டும் அடுத்த ஓவர்சைஸ். ரிங் வாய் இடைவெளி 0.30 மி.மீ. வையுங்க. ரோடு வண்டிக்கு 0.20-இல் விட்டால் ஓடும். ரேஸில் முழு ஆக்ஸிலரேட்டரில் சூடேறி ரிங் வாய் முட்டினால் சிலிண்டரைக் கீறிவிடும். கனெக்டிங் ராடுகளைக் காந்தப் பவுடர் டெஸ்ட் செய்யுங்க, ராட் போல்ட் புதுசு போடுங்க.

நிஜமாகவே பணம் போக வேண்டிய இடம் ஆயில் சம்ப் (என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி). என்ஜின் குறுக்காக இருப்பதால் நீண்ட வளைவில் ஆயில் மொத்தமும் சம்ப்பின் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கும், பம்ப் காற்றை இழுக்கும். இரண்டு விநாடி போதும், பெரிங் போய்விடும். பம்ப் ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரைச் சுற்றி 1.2 மி.மீ. தகட்டில் ஒரு பெட்டி கட்டி, உள்பக்கம் மட்டும் திறக்கும் கீல் கதவுகள் வையுங்க. ஆயில் உள்ளே வரும், திரும்பிப் போகாது. அதோடு ஆயில் பிரஷர் 1.5 கிலோவுக்குக் கீழே இறங்கினால் எரியும் பெரிய சிவப்பு லைட்டை ஸ்டியரிங் அருகிலேயே மாட்டுங்க. வளைவில் யாரும் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ரெவ் லிமிட்டர் 6500. ஸ்டாண்டர்ட் கேமில் அதற்கு மேல் சத்தம்தான் கூடும், இழுவை கூடாது.

கியர்பாக்ஸில் ஜி.எல்.-4 ஆயில் மட்டும். விலை அதிகம், நல்லது என்று ஜி.எல்.-5 ஊற்றினால் அதிலுள்ள கந்தகக் கலவை சிங்க்ரோ வளையத்தின் பித்தளையை அரிக்கும்.

ஸ்க்ரூட்டினி_மேஜை:

பெல்ட், டேங்க் இரண்டுக்கும் என் பதில்: கழற்றிப் போடுங்கள்.

பெல்ட் நைந்து போக வேண்டும் என்று அவசியமில்லை. வெயிலும் காலமும் நூலின் வலுவைக் குறைத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. எஃப்.ஐ.ஏ. (உலக கார் ரேஸ் அமைப்பு) லேபிளில் காலாவதி வருஷம் அச்சிட்டிருக்கும், அது தாண்டினால் சோதனையில் நிற்காது. படுத்த நிலையில் உட்காரும் வண்டிக்கு ஆறு முனை பெல்ட் வாங்குங்கள். நாலு முனை என்றால் மோதலில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும். தோள் பட்டை தோளிலிருந்து பின்னால் 10 முதல் 20 டிகிரி கீழ்ச்சரிவில் போக வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இறங்கினால் மோதலில் முதுகெலும்பைக் கீழே அமுக்கும். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. உட்கார்ந்து, ஹெல்மெட் போட்டுப் பாருங்கள். பின் ரோல் பார் உச்சிக்கும் முன் வளையத்துக்கும் இடையே ஒரு கோலை வைத்தால் ஹெல்மெட் அதற்குக் குறைந்தது 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். சீட்டில் மெத்தை போட்டு உயரம் ஏற்றிக்கொள்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். ஹெல்மெட்டைப் பொறுத்தவரை பைக்குக்கான ஐ.எஸ்.ஐ. முத்திரை செல்லாது, கார் ரேஸுக்கான ஸ்னெல் எஸ்.ஏ. அல்லது எஃப்.ஐ.ஏ. முத்திரை வேண்டும்.

டேங்க்: அந்த மஞ்சள் பஞ்சைக் கையில் எடுத்துக் கசக்கிப் பாருங்கள், மாவாக உதிரும். அந்த மாவுதான் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். இப்போது பங்கில் வருவது இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது). எத்தனால் பழைய பஞ்சையும் பழைய ரப்பர் ஹோஸையும் ஊறவைத்துக் கரைக்கும், தண்ணீர் சேர்ந்தால் அலுமினியத்தையும் கார்புரேட்டரின் துத்தநாக உடம்பையும் வெள்ளை பூத்து அரிக்கும். ரப்பர் பை வைத்த ஃப்யூல் செல் போடுங்கள். விதி பழைய டேங்க்கை அனுமதித்தால்கூட, உள்ளே கழுவி, 0.3 பார் காற்றடித்துச் சோப்புத் தண்ணீரில் கசிவு பார்த்து, புதிய எத்தனால் தாங்கும் பஞ்சும், ஹோஸும் போடாமல் விடாதீர்கள். ஓட்டம் முடிந்ததும் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

இ20-க்கு ஜெட்டும் மாறும். சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு என்றால் இதற்குச் சுமார் 13.6. எட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. ஜெட்டின் பரப்பு எட்டு கூட விட்டம் நாலு கூடினால் போதும். பழைய காலத்தில் 100 ஜெட் சரியாக இருந்த இடத்தில் 102.5, 105 இரண்டையும் வைத்துப் பாருங்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் வைட் பேண்ட் மீட்டரில் (புகையை வைத்துக் கலவையை அளப்பது) லாம்டா 0.86-0.88 வர வேண்டும்; 1-க்குக் கீழே என்றால் எரிபொருள் கூடுதல். பிளக் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது இந்தப் பெட்ரோலில் ஏமாற்றும்.

பிரேக் பெடல் அடிவரை போவதற்கு மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் மட்டும் காரணமாக இருக்காது. பின் ட்ரம்மில் அட்ஜஸ்டர் துருவேறிச் சிக்கியிருக்கும், ஷூ தூரமாக நிற்கும், பெடல் பாதித் தூரத்தை ஷூவைத் தள்ளவே செலவழிக்கும். முதலில் அதை விடுவித்து, ட்ரம் லேசாக உரசும் வரை ஏற்றிப் பிறகு ஒரு கிளிக் இறக்குங்கள். மாஸ்டர், காலிப்பர், வீல் சிலிண்டர் மூன்றிலும் துளைச் சுவரில் குழி விழுந்திருந்தால் கிட் போட்டு ஏமாறாதீர்கள், முழுசாக மாற்றுங்கள். பைப்புகள் ஸ்டீல். காப்பர் பைப் வளைக்கச் சுலபம், ஆனால் அதிர்வில் இறுகி முறியும். டாட் 4 பிரேக் திரவம் புதிய டின்னில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155. ஆகவே டின்னைத் திறந்து பாதி வைத்திருந்த திரவத்தை ரேஸ் வண்டிக்கு ஊற்றாதீர்கள்.

வண்டியின் மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் மாஸ்டர் ஸ்விட்ச் பற்றி ஒன்று. பேட்டரி வயரை மட்டும் துண்டிக்கும் ஸ்விட்ச் போட்டால், ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இக்னிஷனையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டை வகை வேண்டும். சோதனையாளர் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடவிட்டுத்தான் திருப்பிப் பார்ப்பார். வெளியே நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர்.

மற்றவை சுருக்கமாக: ஆக்ஸிலரேட்டருக்கு இரண்டு தனித்தனி ரிட்டர்ன் ஸ்பிரிங், 2 லிட்டர் ஆயில் கேட்ச் டேங்க், தீயணைப்பானுக்கு உலோகப் பட்டை, முன்னும் பின்னும் இழுக்கும் வளையம். கூலன்ட் என்று பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ட்ராக்கில் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், பல இடங்களில் தடை. டிஸ்டில்டு வாட்டரோடு துருத்தடுப்பு மருந்து போதும். லைசென்ஸுக்கு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் ரேஸ் சம்மேளனம்) விண்ணப்பத்தையும் மருத்துவச் சான்றையும் வண்டி வேலை நடக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

சூலூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி அண்ணா. கோட்டிங் எடுத்து டி.பி. போட்டாயிற்று. இடது பின் கீழ் விஷ்போன் பிராக்கெட்டில் ஒரு கோடு, என்ஜின் மவுண்ட் ஒன்றில் ஒரு கோடு. பிராக்கெட் பக்கத்து மூட்டில் பித்தளை நிறத்தில் பற்றவைத்திருக்கிறார்கள். அதன் மேலேயே டிக் வெல்டு அடிக்கலாமா? இன்னொன்று, லீக் டவுன் 8, 9, 8 சதவீதம் காட்டுகிறது.

மூணு_சிலிண்டர்:

8, 9, 8 என்றால் என்ஜினைப் பிரிக்கவே பிரிக்காதீங்க. சம்ப்பை இறக்கித் தடுப்பு கட்டுங்க, பிக் எண்டு பெரிங் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது) மட்டும் பார்த்து மாற்றுங்க. மிச்சப் பணம் டயருக்கு.

பைப்_பட்டறை:

அந்தப் பித்தளை மேல் டிக் அடிக்கவே கூடாது. சூட்டில் பித்தளை உருகி இரும்பின் மணிகளுக்கு இடையில் புகுந்துவிடும். ஆறும்போது அங்கேயே வெடிக்கும், மேலே வெல்டு அழகாகத்தான் தெரியும். அரம் போட்டுச் சுரண்டினாலும் முழுசாகப் போகாது. இரண்டு வழி இருக்கு. பித்தளை தொட்ட பகுதியைத் தாண்டி இரண்டு பக்கமும் 25 மி.மீ. நல்ல பைப் வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் துண்டு வைத்து டிக். இல்லையென்றால், மூட்டு நன்றாக இருந்தால் அதே முறையில் கேஸ் வைத்துப் பித்தளையிலேயே மறுபடி பற்றவைப்பது. விரிசல் பிராக்கெட்டில்தானே என்று பிராக்கெட்டை மட்டும் மாற்றினாலும், வெல்டு சூடு பித்தளை மூட்டை எட்டும் தூரம் என்றால் முதல் வழிதான்.

பிராக்கெட் ஏன் விரிந்தது என்றும் பாருங்க. ஒற்றைத் தகட்டில் போல்ட் தொங்கிக்கொண்டிருந்தால் மறுபடி விரியும். இரண்டு தகட்டுக்கு நடுவில் ராட் எண்டு உட்காரும்படி மாற்றணும்.

போல்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. சஸ்பென்ஷன் போல்ட் எல்லாம் 8.8 தரம், தலையில் எண் அடித்திருக்கணும். மரை இல்லாத வழுவழுப்புப் பகுதிதான் பிராக்கெட் தகட்டின் மேல் உட்காரணும். மரை அங்கே வந்தால் துளையை அரைத்து ஆட்டம் கொடுக்கும், ஒருநாள் மரையிலேயே முறியும். எம்8-க்கு 24, எம்10-க்கு 47 நியூட்டன் மீட்டர். நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்தது) ஒரு தடவைக்குத்தான். எக்ஸாஸ்ட் பக்கத்தில் நைலாக் போடாதீங்க, நைலான் உருகிவிடும், அங்கே முழு உலோக லாக் நட். இறுக்கியதும் நட்டிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுங்க. கோடு விலகியிருந்தால் நட் கழன்றிருக்கு என்று அர்த்தம்.

ராட் எண்டு எல்லாவற்றையும் மாற்றுங்க, ஆடுகிறது ஆடாதது என்று பார்க்க வேண்டாம். மரை அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது குழாய்க்குள் இருக்கணும். வெளிப்பக்கம் ராட் எண்டில் உருண்டை உட்காரும் துளையைவிடப் பெரிய வாஷர் ஒன்று போட்டால், உருண்டை பிய்ந்துவந்தாலும் விஷ்போன் கையோடு வராது.

காம்பர்_கேஜ்:

அளவெடுக்கும் கட்டத்துக்கு வந்ததும் பார்ப்பதற்காக இப்போதே எழுதிவைக்கிறேன்.

இந்த வண்டியின் பலவீனம் பின்னால்தான் ஒளிந்திருக்கும். 800-இல் முன்னால் இருந்த நக்கிளையே (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) பின்னால் போட்டிருந்தால், முன்பு ஸ்டியரிங் ராட் பிடித்த கையை இப்போது சேசிஸோடு ஒரு டோ லிங்க் (சக்கரம் பக்கவாட்டில் திரும்பாமல் பிடிக்கும் கம்பி) பிடித்திருக்கும். அதில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலும் பின் சக்கரம் தானாக ஸ்டியர் செய்யும். நேர் ரோட்டில் பிரேக் அடிக்கும்போது வண்டியின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தால் டேம்பரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி 3 மணி, 9 மணி நிலையில் பிடித்து ஆட்டினாலே தெரியும்.

டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டியதை நகர்த்தத்தான் பயன்படுத்தணும். ரிம்மையும் போல்ட் துளைகளைச் சுற்றி டி.பி. போடுங்கள்.

சமதளத் தரை முக்கியம். நாலு தராசையும் ஒரே மட்டத்தில் வைத்து, ஓட்டுபவர் எடைக்கு மணல் மூட்டையைச் சீட்டில் வைத்து, டேங்க் பாதி நிரப்பி, ஆண்டி ரோல் பார் (வளைவில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) கழற்றி எடை பாருங்கள். உதாரணத்துக்கு முன் இடது 92, முன் வலது 96, பின் இடது 131, பின் வலது 126 என்று வந்தால் மொத்தம் 445. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 227, அதாவது 51 சதவீதம். அரை சதவீதத்துக்குள் 50 வர வேண்டும். முன் இடது ஸ்பிரிங் தட்டை ஏற்றினால் அந்த மூலையிலும் அதற்கு எதிர்மூலையான பின் வலதிலும் எடை கூடும். ஆகவே முன் இடதிலும் பின் வலதிலும் கால் சுற்று ஏற்றி, மற்ற இரண்டில் கால் சுற்று இறக்குங்கள். உயரம் மாறாமல் எடை மட்டும் நகரும். ஒவ்வொரு தடவையும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிக் குலுக்கிவிட்டு மறுபடி படியுங்கள்.

தொடங்கும் அளவு: காம்பர் (சக்கரத்தின் சாய்வு, மைனஸ் என்றால் உச்சி உள்பக்கம்) முன்னால் மைனஸ் 2, பின்னால் மைனஸ் 1.5 டிகிரி. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) முன்னால் நேர் அல்லது மொத்தம் 1 மி.மீ. வெளியே, பின்னால் மொத்தம் 2 மி.மீ. உள்ளே. பின்னால் வெளி டோ எக்காரணம் கொண்டும் வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்தை 25 மி.மீ. மேலும் கீழும் நகர்த்தி டோ எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அரை மி.மீட்டருக்கு மேல் மாறினால் ஸ்டியரிங் ராக் உயரம் தவறு, ஷிம் வைத்துச் சரிசெய்யணும். விபத்தில் அடிபட்டு ராக் பிடியை யாராவது கண்ணளவில் திரும்ப வெல்டு அடித்திருந்தால் இங்கேதான் பிடிபடும்.

கரிமணல்:

ஒரு சின்ன மறுப்பு. பைப்_பட்டறை அண்ணா பவுடர் கோட்டிங் வேண்டவே வேண்டாம் என்கிறார். விஷ்போன், டோ லிங்க் மாதிரி கழற்றிச் சோதிக்கும் சின்னப் பாகங்களுக்கு அது பரவாயில்லை என்பது என் கருத்து. துருவிலிருந்து நன்றாகக் காக்கும்.

பைப்_பட்டறை:

அங்கேதான் விரிசல் முதலில் வரும், அங்கேயே மூடிவைத்தால் எப்படிங்க? ஜிங்க் பிளேட்டிங்கும் போட்டுவிடாதீர்கள். சாதா இரும்புக்குப் பாதகமில்லை, ஆனால் விஷ்போன் வலுவான அலாய் பைப் என்றால் ஆசிடில் முக்கும்போது ஹைட்ரஜன் உள்ளே போய்க் கண்ணாடி மாதிரி முறியும். மெல்லிசாகப் பெயிண்ட், வருஷத்துக்கு ஒரு தடவை உரித்து டி.பி. அவ்வளவே.

சூலூர்வாசி:

எல்லாம் மாட்டிய பிறகு முதல் ஓட்டத்தில் என்ன வரிசை வைத்துக்கொள்ளலாம்? நேரே அரை நாள் ட்ராக் எடுத்துவிடலாமா?

ஸ்க்ரூட்டினி_மேஜை:

அரை நாள் எடுங்கள், ஆனால் முழு வேகம் கடைசி ஒரு மணி நேரத்துக்குத்தான். முந்தின நாளே பட்டறையில் பிளக்கைக் கழற்றிச் செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் வருகிறதா பாருங்கள், பிறகு ஸ்டார்ட் செய்து ஃபேன் ஓடும்வரை சூடேற்றி, குளிர்ந்ததும் மறுபடி தண்ணீர் அளவு. ரேடியேட்டர் முன்னால், என்ஜின் பின்னால் இருக்கும் வண்டியில் நீண்ட பைப்புக்குள் காற்று சிக்கும். மிக உயரமான இடத்தில் காற்று விடும் திருகு இல்லையென்றால் மூக்கை ஜாக்கியில் தூக்கி வைத்து நிரப்புங்கள்.

ட்ராக்கில் முதலில் ஒரே ஒரு சுற்று, மெதுவாக. பிட்டுக்கு வந்து என்ஜின் மூடியைத் திறந்து கசிவு, மஞ்சள் கோடுகள், சக்கர நட். அடுத்து மூன்று சுற்று, பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் புதிய பேடைப் பழக்குங்கள், பிறகு கையால் தொடாமல் வெப்பத் துப்பாக்கியில் நாலு சக்கரத்தையும் அளந்து எழுதுங்கள். ஒரு பின் ட்ரம் மட்டும் மிகச் சூடு என்றால் ஷூ விடவில்லை. முன் இரண்டும் குளிர்ந்து பின் இரண்டும் சூடு என்றால் பிரேக் பின்னால் அதிகம் போகிறது, வளைவுக்கு முன் சுழற்றிவிடும். பேலன்ஸ் பாரை (முன், பின் பிரேக் பங்கை மாற்றும் கம்பி) முன்பக்கம் திருப்பாமல் அடுத்த சுற்று போகாதீர்கள். எப்போதும் முன் சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும்.

அதற்கப்புறம் ஐந்து ஐந்து சுற்றாகப் போங்கள். ஒவ்வொரு தடவையும் ஆயில் லைட் எந்த வளைவிலாவது மினுங்கியதா என்று மட்டும் கவனியுங்கள். ஒரு தடவை மினுங்கினாலும் அன்றைய ஓட்டம் அதோடு சரி. சம்ப்பைத் திறந்து கீல் கதவு எந்தப் பக்கம் திறந்து நிற்கிறது என்று பாருங்கள்.